மூன்று ராஜ்யத்தில் ஓர் அடுப்பு

1

என் மகள் எஸ்தருக்குக் கோயிலில் கண் பிரசங்கத்தின் மேல் இருக்காது, என் வாயின் மேல் இருக்கும். நான் பாட்டில் எந்த அடியைத் தவறவிட்டேன், ஜெபத்தில் எப்போது கொட்டாவி விட்டேன் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கணக்குச் சொல்வாள். எட்டு வயது. கோலாலம்பூரில் பிறந்தவள். கஞ்சியைப் 'புபூர்' என்பாள். நான் எத்தனை தடவை திருத்தினாலும் அவள் நாக்கு மலாய் நாட்டுப் பக்கமே சாயும். திட்டினால் அவள் அம்மா சண்டைக்கு வருவாள்.

சென்ற சாம்பல் புதன்கிழமையும் இப்படித்தான் பிடித்துக்கொண்டாள். ஈஸ்டருக்கு முந்தின நோன்பான லெந்து காலத்தின் முதல் நாளாகிய அந்தப் புதன்கிழமையில் ஐயர் சாபங்களை வாசிப்பார். (எங்கள் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்போம். நெல்லைச் சீமைக்காரர்களுக்கு இது தெரியும், மற்றவர்கள் குழம்ப வேண்டாம்.) தகப்பனை அவமதிப்பவன், குருடனுக்கு வழி தப்பக் காட்டுபவன், பிறனுடைய எல்லைக் கல்லை நகர்த்துபவன் என்று ஒவ்வொருவன் மேலும் சாபம் வரும். ஒவ்வொன்றுக்கும் சபையார் எல்லாரும் ஆமென் சொல்ல வேண்டும். சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் போதாது, வாயைத் திறந்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

இங்கேயும் அப்படியே நடந்தது. எல்லைக் கல் முறை வந்தபோது கோயில் முழுக்க ஆமென் என்றது. நான் சொல்லவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் சொன்னேன்.

வாசல் தாண்டுவதற்குள் கேட்டுவிட்டாள். "அந்த ஒண்ணுக்கு மட்டும் ஏம்ப்பா ஆமென் சொல்லல? அந்த இங்கிலீஷ்கார அம்மாகூடச் சொன்னாங்க."

இது வெயிலில் நின்றுகொண்டு சொல்லக்கூடிய பதில் இல்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்ட பிறகு சொல்கிறேன் என்றேன். அவளுக்குச் சொன்னதைத்தான் ஊரில் இதைப் படிக்கும் உங்களுக்கும் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

2

என் அக்காள் ரெபேக்காளைச் சேரன்மகாதேவியில் கட்டிக்கொடுத்தோம். அத்தான் ஞானமுத்து அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். கல்யாணம் பேச வந்த அன்று, பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் என் அப்பாவிடம் கேட்ட முதல் கேள்வி, உங்கள் வயல் எந்தெந்த ஊர் எல்லையைத் தொடுகிறது என்பது. பையன் சொத்து விசாரிக்கிறான் என்று அப்பாவுக்கு முகம் கறுத்துப்போயிற்று. பிறகுதான் விஷயம் தெரிந்தது. அத்தானுக்கு மூன்று எல்லைகள் ஒரே புள்ளியில் கூடும் இடங்கள் மேல் ஒரு பித்து.

மூன்று கிராமத்து எல்லை கூடும் இடத்தில் ஒரு கல் நட்டிருப்பார்கள். அதை முக்கல் என்பார் அத்தான். சனிக்கிழமை வந்தால் என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். தாமிரபரணிக் கரையோரம் வரப்பிலும் சேற்றிலும் நடந்து, தாழம்புதருக்குள் கையை விட்டு, கடைசியில் பாசி பிடித்த ஒரு கல்லைக் கண்டுபிடித்து, அதன் தலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சிரிப்பார். பாம்பு கடித்தால் எந்த ஊர் முன்சீப்பு வந்து விசாரிப்பார் என்று நான் கேட்பேன். மூன்று பேரும் வரமாட்டார்கள், அதுதானே இந்த இடத்தின் விசேஷம் என்பார்.

கல்லைக் கண்டவுடன் செய்வதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார். அங்கேயே ஓர் அடுப்புக் கூட்டுவோம். மூன்று எல்லைக்குள்ளும் ஒவ்வொரு கல்லாக மூன்று கல், நடுவில் நெருப்பு. அக்காள் கோயிலுக்கென்று தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி தனிக் கலயத்தில் போடுவாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் செய்வதுதான். அத்தான் கெஞ்சிக் கூத்தாடி இரண்டாவதாக ஒரு சின்னக் கலயம் வைக்கச் சொல்லியிருந்தார். அந்த அரிசியில்தான் எல்லைக் கஞ்சி. கூடவே சுட்ட கருவாடு. சாப்பிடும்போது, "இப்போ நம்ம எந்த ஊருச் சோறு திங்கோம், சொல்லு மாப்பிள" என்று கேட்பார். எனக்குச் சோறு வெந்திருந்தால் போதும். அவருக்கு அந்தக் கேள்வியில்தான் ருசி.

கிராமம் முடிந்து, மூன்று தாலுகா கூடும் இடத்தையும் பார்த்தாகிவிட்டது. மிஞ்சியது ஒன்றே ஒன்று. மேற்கே மலை உச்சியில், இங்கிலீஷ் சர்க்காரின் ரிசர்வ் காடும், ஜமீன் காடும், திருவிதாங்கூர் ராஜ்யமும் சந்திக்கும் கல். மூன்று கிராமமல்ல, மூன்று ராஜ்யம்.

3

அம்பாசமுத்திரத்துக்கு ரயில் வந்த புதிது. கோடை லீவில் கிளம்பினோம். அக்காள் அப்போது முதல் பிள்ளைக்கு முழுகாமல் இருந்தாள். போய் வாருங்கள் என்று சொன்னாளே தவிர, அரிசிக் கலயத்தைக் கவிழ்க்கும்போது அவள் முகம் சரியாக இல்லை. ஐயருக்கு அடுத்தபடியாகச் சபையைக் கவனிக்கும் உபதேசியார் வேலைக்கு அத்தான் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்த சமயம் அது. ஒரு வாத்தியார் மலையேறித் திரிகிறார் என்று மேலே யாராவது போட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்பது அவள் பயம்.

பாபநாசம் வரை மாட்டு வண்டி. அங்கிருந்து ஜமீன் காவல்காரர் சுடலைமுத்து எங்களோடு வந்தார். அவருடைய சித்தப்பா மகன் அத்தானிடம் படித்தவன், அதனால் ஒத்துக்கொண்டார். ஏறினோம், ஏறினோம், அப்படி ஓர் ஏற்றம். அட்டைகள் என்னை மட்டும் தேடித் தேடி வந்தன. மறுநாள் மலை முதுகில் ஏறி நின்றபோது இந்தப் பக்கம் எங்கள் ஆறு வெள்ளி நூல் மாதிரி கிடந்தது, அந்தப் பக்கம் முழுக்க மேகம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தான் கீழே பார்க்கவே இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல் இல்லை.

புல் ஆள் உயரம் வளர்ந்து கிடந்தது. சுடலைமுத்து, தாம் கடைசியாக வந்தபோது இங்கனதான் நின்றது என்று கையைச் சுற்றிக் காட்டினார். அந்தச் சுற்றுக்குள் ஒரு தெருவே அடங்கும். பொழுது சாயும்வரை புல்லை விலக்கி விலக்கித் தேடினோம். வைகாசிக் காற்று ஆளைத் தள்ளியது. கடைசியில் நான் உட்கார்ந்துவிட்டேன். பசி கண்ணை இருட்டியது. அத்தானும் தோற்று வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஏதோ சாவு வீட்டிலிருந்து வந்தவர் மாதிரி இருந்தார். சரி, கஞ்சியாவது வைப்போம், எல்லை இங்கேதான் எங்கேயோ இருக்கிறது என்றார்.

அந்தக் காற்றில் நெருப்பு நிற்காது. மண் பொலபொலவென்று இருந்த ஓரிடத்தில் முழங்கை ஆழத்துக்குக் குழி வெட்டினோம். அடுப்புக்கு இரண்டு கல் பக்கத்திலேயே கிடைத்தன. மூன்றாவதுக்கு அலைந்த அத்தான், புல்லுக்குள் படுத்துக் கிடந்த ஒரு நீளக் கல்லை உருட்டிக்கொண்டு வந்தார். நல்ல கல்லாக இருக்கிறதே என்று நான்கூடச் சொன்னேன். கஞ்சி வெந்தது, குடித்தோம், உயிர் வந்தது.

பிறகு பானையை இறக்கிவிட்டுக் கல்லைப் புரட்டினார் அத்தான். நெருப்பைப் பார்த்திருந்த பக்கம் கரியேறியிருந்தது. துண்டால் துடைத்தார். மூன்று கோடுகள் ஒரு புள்ளியில் வந்து கூடும் குறி, உளியால் வெட்டியது, தெளிவாகத் தெரிந்தது. நாள் முழுக்க எதைத் தேடினோமோ அதன் மேலேயே பானையை வைத்துப் பொங்கியிருக்கிறோம்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அத்தான் சிரிக்கவில்லை.

4

புகையைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் வந்தார்கள். கிழக்கே இருந்து சர்க்கார் காட்டு கார்டு, மேற்கே இருந்து உப்புக் கடத்தலைத் தடுக்கக் காவல் சுற்றும் திருவிதாங்கூர்க்காரர். கார்டு கல்லைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார்.

"ஏம்வே, வாத்தியாருன்னு சொல்லுதீரு. எல்லைக் கல்லை எடுத்து அடுப்புக் கூட்டியிருக்கீரே. அம்பாசமுத்திரம் தாலுகா கச்சேரியில வந்து சொல்லும்."

எல்லைக் கல்லை எடுத்தால் கேஸ். கேஸ் வந்தால் உபதேசியார் வேலை என்ன, வாத்தியார் வேலையே போய்விடும். நான் கார்டின் காலைப் பிடிக்காத குறைதான். அத்தான் ஒன்றும் மறுக்கவில்லை. நான்தான் உருட்டினேன், தெரியாமல் செய்தேன், வருகிறேன் என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

எங்களைக் காப்பாற்றியது சுடலைமுத்து கேட்ட ஒரு கேள்வி. வாத்தியார் உருட்டியது இன்றைக்கு. ஆனால் அவர் எடுக்கும்போதே கல் படுத்துத்தானே கிடந்தது, யானை முதுகு தேய்த்துச் சாய்த்து எத்தனை மாசம் ஆயிற்றோ, வருஷந்தோறும் வந்து பார்த்ததாகக் காவல்காரர் நாம் மூன்று பேரும் அவரவர் மேலதிகாரிக்குச் சொல்லியிருக்கிறோமே என்றார். கார்டு தலைப்பாகையைக் கழற்றித் திரும்பக் கட்டினார். திருவிதாங்கூர்க்காரர் தொலைவில் மேகத்தைப் பார்த்தார். மூன்று பேரில் ஒருவருமே அந்த உச்சிக்கு ஒழுங்காக வந்ததில்லை என்பது அந்த நிமிஷத்தில் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று.

அதற்குப் பிறகு பேச்சு மாறியது. கல்லை மறுபடி நட்டுவிடலாம். ஆனால் எங்கே நடுவது? எல்லைக் கல்லுக்கு அடியில் சர்வேக்காரர்கள் கரி போட்டுப் புதைப்பார்கள், கரி மண்ணில் மக்காது, அது இருக்கும் இடம்தான் கல்லின் இடம் என்றார் கார்டு. சரி என்று தேடினார்கள். கரி இருந்தது. எங்கள் அடுப்புக் குழியில் இருந்தது.

அது சர்வேக்காரர் கரியா, எங்கள் கஞ்சி வெந்த கரியா? மண் பொலபொலவென்று இருந்தது கல் நின்ற குழி என்பதாலா, பன்றி கிளறியதாலா? மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். திருவிதாங்கூர்க்காரர் ஒரு துண்டை எடுத்து நகத்தால் சுரண்டி, பழைய கரிதான் என்று தம் மலையாளத்தில் தீர்ப்புச் சொன்னார். கார்டும் ஆமாம் என்றார். இருட்டிக்கொண்டு வந்தது, எல்லாருக்கும் இறங்க வேண்டியிருந்தது. கல்லை நட்டார்கள். மிச்சக் கஞ்சியை மூன்று ராஜ்யமும் உட்கார்ந்து குடித்தன. அத்தான் மட்டும் தம் பங்கைத் தொடவில்லை.

5

அடுத்த லெந்து தொடங்கிய புதன்கிழமையில் சேரன்மகாதேவிக் கோயிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எல்லைக் கல் சாபம் வந்தபோது அவர் உதடு அசையவில்லை. அப்போது அவர் உபதேசியார் ஆகியிருந்தார். சபை முழுக்க அவரைப் பார்த்துத்தான் ஆமென் சொல்லும். வெளியே வந்ததும் கேட்டேன்.

"கரி யாருதுன்னு தெரியலயே மாப்பிள. தெரியாம எப்படி ஆமென் சொல்லுதது?"

கரி பழையதென்றால் கல்லைச் சரியான இடத்தில் வைத்தாகிவிட்டது, குற்றமில்லை. எங்கள் கரியென்றால் அவர் மூன்று ராஜ்யத்தின் எல்லையை நகர்த்தியவர். தெரியாமல் தம்மைச் சபித்துக்கொள்ளவும் மாட்டார், குற்றமில்லாதவர் போல ஆமென் சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் மாட்டார். அவர் கட்சி அது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஒரு முழம் புல்தரைக்காக இப்படியா என்றேன். அவர் பைய நடந்து போய்விட்டார்.

அந்த வருஷமே நான் நாகப்பட்டினத்தில் கப்பலேறினேன். இங்கே சர்வே ஆபீஸில் படம் வரைகிற வேலை கிடைத்தது. இந்த நாட்டில் சிலாங்கூர், பேராக், பகாங் என்று ராஜ்யங்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. நான் மேஜையில் உட்கார்ந்து அவை சேரும் இடங்களை மையால் ஒரு புள்ளியாக வைப்பேன். தலையை நிமிர்த்தினால் மழை. ஒரு புள்ளி வைக்கும்போதெல்லாம் இதற்கடியில் யார் கஞ்சி காய்ச்சினார்களோ என்று தோன்றும். துரை நான் வரைந்த கோட்டைப் பார்த்து மிகத் துல்லியம் என்பார். நான் தாங்க்யூ சார் என்பேன்.

இரண்டு தடவை சர்வேக் கூட்டத்தோடு காட்டுக்குள் போய், அப்படி மூன்று ராஜ்யம் சேரும் முகட்டைக் கண்ணாலும் பார்த்தேன். மலாய்க்காரக் கூலிகள் சிரிக்கச் சிரிக்க, மூன்று கல் வைத்துக் கஞ்சி காய்ச்சினேன். ஈர விறகு, சோறு வேகவில்லை. இது எந்த நாட்டுச் சோறு என்று என்னைக் கேட்க ஆளில்லாதது அன்றைக்கு ரொம்பவே வலித்தது.

6

மூன்று வருஷத்துக்கு முன்னே லீவு கிடைத்தது. லீவுத் தாளில் சொந்த ராஜ்யம் எது என்று ஒரு கட்டம். திருநெல்வேலி என்று எழுதினேன். அது ராஜ்யம் இல்லை என்று குமாஸ்தா அடித்துத் திருத்தினான். சீனாக்காரன் அவன், அவனிடம் எதைச் சொல்ல?

எஸ்தருக்கு அப்போது ஐந்து வயது. சேரன்மகாதேவியில் அவளுக்குப் பிடித்தது ஆற்று மணலும் அக்காள் வீட்டுக் கன்றுக்குட்டியும்தான். மாமாவோடு அவள் மலாய் கலந்து பேச, அவர் பிரசங்கத் தமிழில் பதில் சொல்ல, இரண்டு பேரும் எப்படியோ ஒத்துப்போனார்கள்.

அத்தானுக்கு முழங்கால் போய்விட்டிருந்தது. வந்த மூன்றாம் நாளே என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டுச் சொன்னார். "நீ இப்போ அளக்கத் தெரிஞ்சவன். போய் அளந்து பாத்துட்டு வா மாப்பிள. எது இருக்கோ அதைச் சொல்லு. என் மனசுக்காகச் சொல்லாத."

போனேன். தாலுகா ஆபீஸில் பழைய அளவுகளைக் கேட்டு வாங்கி எழுதிக்கொண்டேன். சங்கிலியின் மறுமுனையைப் பிடிக்கச் சுடலைமுத்துவே வந்தார், தலை வெளுத்திருந்தது. மேலே கல் இப்போது பவிசாக நின்றது. மூன்று சர்க்காரும் கூட்டு சர்வே செய்து, சுற்றிலும் காரை பூசித் திண்டு கட்டி, மூன்று முகத்திலும் எழுத்து வெட்டியிருந்தார்கள். மூன்று பக்கமும் அடுத்து நின்ற கற்களிலிருந்து சங்கிலி பிடித்தேன். சரியாக வரவேண்டுமே என்று கர்த்தரை வேண்டிக்கொண்டே பிடித்தேன். வரவில்லை. திரும்பவும் பிடித்தேன். கல் ஒன்றரை முழம் ஜமீன் பக்கம் தள்ளி நின்றது. அங்கே இருந்தது எங்கள் கரிதான்.

இறங்கி வரும் வழியெல்லாம் பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. அப்படியே சொன்னேன். கேட்டுவிட்டு ஒரு தடவை தலையை ஆட்டினார். மறுநாளே வெள்ளை வேட்டி கட்டி, அந்த முழங்காலோடு ரயிலேறி, அம்பாசமுத்திரம் தாலுகா ஆபீஸுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

அங்கே ஒரு பெரிய குமாஸ்தா இருந்தார். அத்தான் சொன்னதை முழுக்கக் கேட்டார், மரியாதையாகத்தான் கேட்டார். மூன்று சர்க்காரும் ஒப்புக்கொண்டு காரை பூசிய கல் அது, எல்லையில் கல் நிற்கிறதா என்று இனி யாரும் பார்க்கமாட்டார்கள், கல் நிற்கும் இடம்தான் எல்லை என்றார். கல் தப்பு என்று எழுதிக்கொள்ள இந்த ஆபீஸில் இடமே கிடையாது என்று சொல்லி, உபதேசியாருக்கு ஒரு காப்பி வாங்கிக்கொடுத்து அனுப்பிவிட்டார். கச்சேரி வராந்தாவில் அத்தான் வெகுநேரம் நின்றார். அவருடைய குற்றத்தை வாங்கிக்கொள்ள ஒரு ராஜ்யமும் முன்வரவில்லை.

ஊர் திரும்பும்போது ரயிலில் நான் வழக்காடினேன். யாருக்கும் நஷ்டமில்லை, ஜமீன் இழந்தது நாலு கட்டுப் புல், முதலில் தள்ளியது யானைதானே என்றேன்.

"யானை ஆமென் சொல்ல வேண்டாம் மாப்பிள. நான் சொல்லணும்லா. இப்போ தெரிஞ்சுட்டு. இனி சொல்லிருவேன்."

அந்த வாரமே சாம்பல் புதன் வந்தது. ஐயர் சாபங்களை வாசித்தார். எல்லைக் கல் முறை வந்தது. எத்தனையோ வருஷம் மூடியிருந்த வாயைத் திறந்து அத்தான் ஆமென் சொன்னார். கத்தவில்லை, முனகவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிற பிள்ளை மாதிரித் தெளிவாகச் சொன்னார். பெண்கள் பக்கத்தில் அக்காள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வாயே வரவில்லை. அன்றிலிருந்து வரவில்லை.

7

ஐரோப்பாவில் இப்போது ராஜாக்கள் எல்லைக்காக ஊர் ஊராகச் சுட்டுப் பொசுக்குகிறார்கள். அவர்களும் வருஷந்தோறும் கோயிலில் இந்தச் சாபத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள்தாம். அவர்களில் ஒருவராவது அந்த ஆமெனுக்கு முன்னால் ஒரு நிமிஷம் தயங்கியிருப்பாரா என்று ஆபீஸில் கோடு போடும்போதெல்லாம் யோசிக்கிறேன். எங்கள் அத்தான் ஒன்றரை முழத்துக்குத் தயங்கினார்.

இதையெல்லாம் எஸ்தருக்குச் சொல்லி முடித்தபோது அவள் தட்டில் சோறு ஆறிப்போயிருந்தது. ராஜாக்களைப் பற்றிச் சொல்லவில்லை, மற்றதெல்லாம் சொன்னேன். அவள் அம்மாகூட அடுப்படியிலிருந்து வந்து நின்று கேட்டாள். மாமாவைச் சபிக்கிற இடத்தில் நான் எப்படியம்மா ஆமென் சொல்வேன் என்று கேட்டேன்.

எஸ்தர் என்னைப் பார்த்தாள். முகம் கோணியது, கண் நிரம்பியது.

"நான் சொல்லிட்டேனேப்பா."

அவளை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டேன். பரவாயில்லை, அங்கே மாமாவும் சொல்லியிருப்பார் என்றேன்.